மாமனார் வீட்டு லென்ஸ்

என் அப்பாவுக்குச் சந்தேகம் இல்லாமல் சோறு இறங்காது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலால் தொட்டுப் பார்ப்பார். கோயிலில் கொடுத்த சுண்டலை மோந்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று, ஜடை நிஜமா சவுரியா என்று தெரிந்துகொள்ள, எழுந்து போகிற சாக்கில் லேசாக இழுத்துப் பார்த்தாராம். அம்மா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். "அன்னிக்கே நான் உஷாராயிருக்கணும்டி கீதா."

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நடராசன் ஸ்டுடியோ எங்களுடையது. ஆல்பம் டிசைன் செய்வதும், விசேஷங்களுக்கு இரண்டாவது கேமரா பிடிப்பதும் என் வேலை. கீதாஞ்சலி என்று பெயர் வைத்ததோடு சரி, வீட்டில் யாரும் முழுசாகக் கூப்பிட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதர் மாப்பிள்ளை பார்த்தால் எப்படி இருக்கும்? வானூரில் கலியபெருமாள் என்று ஒருவர், அவரும் ஸ்டுடியோக்காரர்தான். தாலுக்கா ஆபீஸுக்கு வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துத் தருகிற கடை. அவருடைய மகன் வெற்றிச்செல்வன், ஆரோவில் பக்கம் விடுதிகளுக்கெல்லாம் வீடியோ எடுத்துக் கொடுக்கிறவன். அப்பா வானூருக்குப் போய் டீக்கடை, சலூன், பஞ்சர் கடை என்று ஒன்று விடாமல் விசாரித்தார். குடி இல்லை, கடன் இல்லை, வம்பு தும்பு இல்லை என்றார்கள். "ஒரு குறையும் இல்லன்னா எங்கியோ இடிக்குதே" என்று திரும்பவும் ஒரு நடை போய் வந்தார்.

கடைசியில் அம்மா சத்தம் போட்ட பிறகுதான் பூ வைக்கச் சம்மதித்தார். எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. எனக்கு வெற்றியைப் பிடித்திருந்தது. மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது. அதிகம் பேசமாட்டான், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். அப்போதெல்லாம் என் வாயில் 'அவர்'தான் வரும். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவன்'தான் வருகிறது.

பூ வைத்த அன்று கலியபெருமாள் எங்கள் கடையைப் பார்க்க வந்தார். அப்பா பழைய கேமராவை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். உள்ளே கண்ணாடி இல்லாத, கைக்கு அடக்கமான புது மாடல். கல்யாணத்துக்கு முன்னாடி ஜோடி ஜோடியாக உப்பளத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பாண்டிச்சேரியிலிருந்தெல்லாம் வருகிறார்களே, அவர்களுக்காக வாங்கியது. அதோடு வந்த சின்ன லென்ஸைப் பார்த்துக் கலியபெருமாள் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தக் கேமராவுக்கு இந்தக் கண்ணு பத்தாதுங்க. என்கிட்ட பழைய எண்பது இருநூறு ஜூம் லென்ஸு ஒண்ணு இருக்குது. பிலிம் காலத்துல வாங்கினது. அப்பிடியே புதுசு மாதிரி வச்சிருக்கிறேன். குடுத்தனுப்பறேன். நம்ம பொண்ணு எடுக்கட்டும்."

அவர் 'நம்ம பொண்ணு' என்றதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அப்பா மட்டும் அவர் போன பிறகு, "கேக்காமயே குடுக்குறாரே, ஏன்?" என்றார்.

லென்ஸ் வந்து சேர்ந்தது. குழவிக்கல் கனம். கடற்காற்றில் பூஞ்சை பிடிக்கக்கூடாது என்று அரிசி டப்பாவுக்குள் துணி சுற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் கலியபெருமாள், பாவம். பழைய லென்ஸை இந்தப் புதுக் கேமராவில் நேராக மாட்ட முடியாது. நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையம் போட வேண்டும். அப்பா அதையும் வாங்கிவந்தார்.

உப்பு வாரத் தொடங்கியிருந்த நேரம். பாத்திகளின் ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள் நின்றன. ஒரு ஜோடியை வரப்பில் நிறுத்திவிட்டு, அப்பா லென்ஸை மாட்டி, கண்ணை வைத்து, பட்டனைப் பாதி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். லென்ஸிலிருந்து சின்னச் சத்தம்கூட வரவில்லை. திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கரைந்த சோப்பு மாதிரி தெரிந்தார்கள். சின்ன லென்ஸை மாட்டினார். அது கண் சிமிட்டுவதற்குள் கூர்மையாகப் பிடித்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

"செத்த லென்ஸத் தூக்கி என் தலையில கட்டிட்டாரு" என்றார், வண்டியில் ஏறியதும்.

"கையால திருப்புனா நல்லாத்தாம்ப்பா ஃபோக்கஸ் ஆவுது. வெளிச்சமெல்லாம் சரியா காட்டுது."

"கையால திருப்புறதுக்கு எதுக்கு மேல ஏஎஃப்னு எழுதி வச்சிருக்கிறான்? ஆட்டோ ஃபோக்கஸ் லென்ஸு அது. மோட்டாரு போயிடுச்சு. தெரிஞ்சே குடுத்திருக்கிறாரு." வண்டியைக் கிளப்பினார். பிறகு, "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்றார். "லென்ஸ்லயே இப்பிடின்னா, பையனுக்கு என்னா கோளாறோ?"

எனக்குச் சுரீர் என்றது. சண்டை போட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில், "வானூர் பக்கம் பழைய லென்ஸ் வாங்குறவங்க கொஞ்சம் உஷாரா இருங்கப்பா" என்று அன்றைக்கே குரலைப் பதிந்து போட்டுவிட்டார். பெயர் சொல்லவில்லைதான். வானூரில் எத்தனை ஸ்டுடியோ இருக்கிறது என்று சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

நான் வெற்றிக்குப் போன் செய்தேன். "உங்க அப்பா குடுத்த லென்ஸு எங்க கேமராவுல ஃபோக்கஸ் ஆவ மாட்டேங்குதுங்க. எங்க அப்பா வேற மாதிரி நினைக்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை பேசினா நல்லாருக்கும்."

"அப்பிடியா?" என்றான். "சரி, பாக்கலாம்." அவ்வளவுதான், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான். கேமராவிலேயே கிடக்கிறவன், என்ன கேமரா, என்ன வளையம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லையே என்று எனக்குள் ஏதோ நெருடியது. நானும் நடராசன் மகள்தானே. ஆனால் பிடித்தவன்மேல் வருகிற சந்தேகத்தை நாமே ஓரமாகத் தள்ளிவைத்துவிடுவோம். தள்ளிவைத்தேன்.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று அப்பா கிளம்பினார். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். என்னைக் கூட்டிக்கொண்டார். கிளம்பும் முன் என் நகப்பாலிஷை எடுத்து, லென்ஸின் அடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். கடையை விட்டு வெளியே போகிற எல்லாப் பொருளுக்கும் அவர் இப்படி வைப்பது வழக்கம். ஒரே மாதிரி லென்ஸ் ஊரில் ஆயிரம் இருக்கும், மாற்றிவிட்டால் என்ன செய்வது என்பார்.

கலியபெருமாள் கடையில் வரவேற்பு சூடாகத்தான் இருந்தது. குரூப்பில் போட்ட குரல் அவர் காதுக்கும் போயிருந்தது. வெற்றி கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

"என்னாங்க, என் லென்ஸு செத்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமே?" என்றார் கலியபெருமாள். அப்பா பதில் சொல்லுமுன் லென்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தன்னுடைய பழைய கேமராவில் மாட்டியபடியே வெளியே வந்து, தெருப்பக்கம் திருப்பி அழுத்தினார். ஜ்ர்ர்ர் என்று லென்ஸ் சுழன்று நின்றது. எதிர்வரிசையில் மனு எழுதிக்கொண்டிருந்தவரின் மூக்குக்கண்ணாடி திரையில் பளிச்சென்று விழுந்தது. "இதுக்குப் பேரு செத்ததா?"

அப்பா அசரவில்லை. "உள்ள எடுத்துட்டுப் போனீங்களே, எதுக்கு?"

"கேமரா உள்ள இருந்துச்சு."

"கழட்டிக் குடுங்க, பாக்குறேன்."

கலியபெருமாள் கழற்றினார். கேமரா வாய் திறந்தபடி மேசைமேல் கிடந்தது. அப்பா லென்ஸைப் புரட்டி அடியில் பார்த்தார். சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. அவர் முகம் சுண்டிப்போனது.

"என்னா தேடுறீங்க?" என்று கலியபெருமாள் எட்டிப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நான் ஆசையா குடுத்தனுப்பின பொருளுக்கு, நீங்க திருட்டு அடையாளம் வச்சு எடுத்துட்டு வந்தீங்களா?"

"எல்லாத்துக்கும் வைக்கிறதுதாங்க..." என்று அப்பா இழுத்தார்.

"சம்பந்தம் பண்ணப் போற வீட்டுலயா? நாளைக்கு உங்க பொண்ண அனுப்பும்போது அதுக்கும் ஒரு பொட்டு வச்சு அனுப்புவீங்களா?" லென்ஸை அப்பா கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். "வேணாங்க. பூ வச்சதோட நிக்கட்டும். என்னைத் திருடன்னு நினைக்கிற வீட்டுல எனக்கு வேலை இல்ல."

நான் வெற்றியைப் பார்த்தேன். ஏதாவது சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பெற்ற அப்பாவை ஒருவர் திருடனாக்குகிறார், பார்த்த பெண் கையை விட்டுப் போகிறாள், அவன் போனைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தம் என்னை விடவில்லை. அங்கே ஜ்ர்ர்ர் என்று ஓடுகிற லென்ஸ் இங்கே ஏன் ஊமையாகிறது? பொட்டு இருந்ததால் லென்ஸ் அதேதான். அப்படியானால் குறை எங்கள் பக்கம். எங்கள் கேமராவையும் வளையத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கலியபெருமாளின் கேமரா மேசைமேல் வாய் திறந்து கிடந்தபோது, உள்விளிம்பில் குட்டித் திருப்புளி முனை மாதிரி ஓர் இரும்புக் குச்சி துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். லென்ஸின் பின்பக்கத்தில் அதற்குச் சரியாக ஸ்க்ரூத் தலை மாதிரி ஒரு பள்ளம் உண்டு. எங்கள் வளையத்தில் தடவிப் பார்த்தேன். கேமராவில் தடவிப் பார்த்தேன். அந்தக் குச்சி இரண்டிலும் இல்லை.

யூடியூபில் தேடினேன். முதல் வீடியோவிலேயே ஒருவன் சொல்லிவிட்டான். அந்தக் காலத்து லென்ஸுக்குள் மோட்டாரே கிடையாது. மோட்டார் கேமராவில் இருக்கும், அந்தக் குச்சி வழியாக லென்ஸைத் திருகும். புதுக் கேமராக்களில் மோட்டார் லென்ஸோடு போய்விட்டது, அதனால் குச்சியை எடுத்துவிட்டார்கள். பழைய லென்ஸ் மாட்டும், படம் எடுக்கும், வெளிச்சம்கூடச் சரியாகக் காட்டும், கையால்தான் திருப்ப வேண்டும். இரண்டு அப்பாக்களும் பொருந்தியதெல்லாம் வேலை செய்யும் என்றே நம்பிப் பழகியவர்கள். குச்சி என்று ஒன்று இருப்பதையே அவர்கள் யோசித்ததில்லை.

வாய்விட்டுச் சிரித்தேன். அப்பாவிடம் ஓட எழுந்தேன். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதே மாதிரிப் புதுக் கேமராவில், இதே வளையம் போட்டு, பழைய லென்ஸ்களை மாட்டித்தானே வெற்றி விடுதிகளுக்கு வீடியோ எடுக்கிறான்? எனக்கே படம் அனுப்பியிருக்கிறான். அவனுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

மறுநாள் கூனிமேட்டில், ஈசிஆர் ஓரத்து டீக்கடைக்கு அவனை வரச் சொன்னேன். வந்தான்.

"லென்ஸுல கோளாறு இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீ போன் பண்ணும்போதே."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. உங்க அப்பாவைத் திருடன்ற மாதிரி பேசினாரு எங்க அப்பா. பாத்துட்டுதான நின்னீங்க?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "எனக்கு இப்ப கல்யாணமே வேணாம் கீதா. உன்மேல ஒரு குறையும் இல்ல. எங்க அப்பாகிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. சண்டைன்னு வந்துச்சு. சரி, அதுவா நின்னா நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு வலித்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேண்டாம் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு எழுந்து போயிருப்பேன். இவன் தன் அப்பாவின் மானத்தை விற்றுத் தப்பிக்கப் பார்த்திருக்கிறான். இவனுக்காகவா வீட்டில் சண்டை போட்டேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

"லென்ஸ் விஷயத்த நான் உங்க அப்பாகிட்ட சொல்லத்தான் போறேன். அவரு பேரு கெட்டுப்போய்க் கிடக்குது. கல்யாணம் வேணாம்ன்றத நீங்களே சொல்லிடுங்க. அந்த மரியாதையாவது எனக்குக் குடுங்க."

"சரி, சொல்றேன்" என்றான். நம்பினேன்.

அப்பாவுக்குக் குச்சியைக் காட்டிப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். முதலில் அந்த வீடியோக்காரனையே சந்தேகப்பட்டார். ஒத்துக்கொண்ட பிறகு மனிதர் உடைந்துபோனார். குரூப்பில் மன்னிப்புக் கேட்டார். பழம், பூ வாங்கிக்கொண்டு, அம்மாவையும் இழுத்துக்கொண்டு வானூருக்குப் போனோம்.

கலியபெருமாள் முதலில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நான் இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"அட, திருப்புளி இல்லாம ஸ்க்ரூ எப்பிடிங்க திரும்பும்! நானும் இத்தன வருசம் பாத்ததே இல்லியே!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த கண்ணீர் மட்டுமில்லை அது. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சம்பந்தி" என்றார். அவர், "விடுங்க சம்பந்தி" என்றார். பேச்சு ஆவணி, நிச்சயம், மண்டபம் என்று ஓடியது.

நான் வெற்றியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

கலியபெருமாளுக்கே திடீரென்று உறைத்தது. "ஏண்டா, நீ இந்தப் புதுக் கேமராவுலதான வேலை பாக்குற? உனக்கு இது தெரியாதா?"

வெற்றி என்னைப் பார்த்தான். தன் அப்பாவைப் பார்த்தான். "தெரியாதுப்பா" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆவணியில் கல்யாணம். அவனுக்கும் வேண்டாம் என்று சொல்ல வராது, கட்டிக்கொள்வான். காலமெல்லாம் ஒவ்வொன்றுக்கும் இப்படியே கதவில் சாய்ந்து நிற்பான். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அவருக்குத் தெரியும் மாமா" என்றேன். "அன்னிக்கு இங்க நின்னப்பவே தெரியும். கல்யாணம் பிடிக்கல, சண்டையில நின்னுபோவட்டும்னு சொல்லாம இருந்துட்டாராம். எங்கிட்ட அவரே சொன்னாரு. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

கலியபெருமாள் மகனையே பார்த்தார். மகன் நிமிரவில்லை. அவர் என்னை நம்பிவிட்டார் என்று அவர் தோள் தொங்கியதிலேயே தெரிந்தது. எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். "நல்லாயிரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தாள். நான் ஜன்னலோரம், அப்பா என் பக்கத்தில். இந்த மனிதருக்காவது நான் செய்தது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஊரையே சந்தேகப்படுகிறவர், உண்மையிலேயே சந்தேகப்பட வேண்டியவன் ஒருவனை நான் கண்டுபிடித்ததற்காக என் தோளில் தட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

உப்பளம் கண்ணில் படத் தொடங்கியபோது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தப் பையன் நெசமாவே அப்பிடிச் சொன்னானா?"

"கூனிமேட்டு டீக்கடையில வச்சு சொன்னாம்ப்பா."

"தங்கமான பையன்னு ஊரே சொல்லுது." கொஞ்சம் விட்டு, "கூனிமேட்டுக்குத் தனியாவா போன?"

"ஆமாம்ப்பா."

"கோவிச்சுக்காத கீதா. உன் மனசுல வேற யாராச்சும் இருக்கிறாங்களா?"

"யாரும் இல்லப்பா. நம்புங்க."

"நம்புறேம்மா, நம்புறேன். உன்ன நம்பாம?" என்றார். சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "போனக் குடு. மணி என்னான்னு பாக்கணும்."

நீட்டிய அந்தக் கையில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நான் போனை எடுத்து, லாக்கைத் திறந்தே அவரிடம் கொடுத்தேன்.